நால்வர் பேச, நாற்பது பேர் தொங்க

சென்னையில் ஒரு மாணவன் இன்னொரு மாணவனை வெட்டினால் மூன்று காரியம் நடக்கும். கல்லூரிக்கு லீவு விடுவார்கள். வாசலில் போலீஸ் வேன் வந்து நிற்கும். ராத்திரி எட்டு மணிக்குத் தொலைக்காட்சியில் நாலு பேரை உட்காரவைத்து ‘எங்கே போகிறது இளைய சமுதாயம்?’ என்று கேட்பார்கள். லீவு முடிந்துவிடும். வேனும் வேறு பந்தோபஸ்துக்குப் போய்விடும். மூன்றாவது மட்டும் ஓய்வதே இல்லை. சமயக் குரவர் நால்வருக்குப் பிறகு தமிழ்நாடு இத்தனை பயபக்தியோடு கேட்கிற நால்வர் இவர்கள்தான்.

ஒருவர் ஓய்வுபெற்ற காவல் அதிகாரி. வாத்தியார் கையிலிருந்த பிரம்பைப் பிடுங்கியதில்தான் நாடு கெட்டது என்பது அவர் கட்சி. அந்தப் பிரம்பு இருந்த காலத்தில் படித்தவர்களை வைத்துத்தான் அவருடைய ஸ்டேஷன்களில் லாக்கப் சாவுகள் நடந்தன என்று யாரும் எடுத்துக் கொடுக்க மாட்டார்கள். இரண்டாமவர் மனநல மருத்துவர். செல்போன், சினிமா, அப்பா அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போவது என்று விரல் மடக்குவார். அம்மா வேலைக்குப் போகாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியுமா என்பது அவருடைய பாடத்திட்டத்தில் வராது. மூன்றாமவர் சமூக ஆர்வலர். எந்தச் சமூகம், எப்போதிலிருந்து ஆர்வம் என்பதெல்லாம் தெரியாது. பெயருக்குக் கீழே அப்படித்தான் எழுத்து ஓடும். நாலாவது ஆள் கட்சிக்காரர். ‘எங்கள் ஆட்சியில் இப்படி நடந்ததே இல்லை’ என்ற ஒரே வாக்கியத்தை இரண்டு கழகங்களும் பொதுவில் வைத்திருக்கின்றன. ஆட்சி மாறும்போதெல்லாம் நாற்காலியை மாற்றிப் போட்டுக்கொள்வதோடு சரி.

இந்த நாலு பேரும் எதில் வந்து இறங்கினார்கள்? காரில். டிரைவர் கீழே, ஏசியைப் போட்டுக்கொண்டு தூங்குகிறார். நெறியாளருக்கு ஆபீஸ் வண்டி. பேசுகிற விஷயமோ பேருந்துப் படிக்கட்டு. மாநகரப் பேருந்தில் இப்போது குறைந்தபட்ச டிக்கெட் எவ்வளவு என்று நெறியாளர் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நேரலையில் கேட்டுப் பார்க்கட்டும். இடைவேளை விடாமல் தப்ப முடியாது.

தெரியாதவர்களுக்காக அந்தப் பேருந்து எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடுகிறேன். அரசுக் கல்லூரி மாணவனின் இலவச பாஸ் வெள்ளை போர்டு போட்ட சாதாரண வண்டியில்தான் செல்லும். பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணமில்லாப் பயணம் கொடுத்தார்கள், நல்ல காரியம், அதுவும் அதே சாதாரண வண்டியில்தான். ஆகவே காலை எட்டேகால் மணிக்குச் சொகுசுப் பேருந்துகள் பாதி இருக்கை காலியாக, ராஜா வீட்டுக் கல்யாண ஊர்வலம் போல, ஒன்றன்பின் ஒன்றாகப் போகும். பாஸ் வைத்திருப்பவன் பார்த்துக்கொண்டு நிற்பான். அப்புறம் வெள்ளை போர்டு வரும். நிழற்குடையில் நிற்காது. மாணவர்கள் கூட்டமாக நிற்பதைப் பார்த்தாலே ஓட்டுநருக்குக் கால் தானாக ஆக்சிலேட்டரை மிதிக்கும். ஐம்பதடி தள்ளிப்போய் இரண்டு பேரை இறக்குகிற சாக்கில் வேகத்தைக் குறைப்பார். அந்த ஐம்பதடியை ஓடிக் கடந்து, ஓடுகிற வண்டியில் தொற்றுகிறவனுக்குத்தான் அன்றைக்கு முதல் பீரியட். உள்ளே கண்டக்டர் இருக்கையிலிருந்து எழுந்திருக்க இடமில்லாமல் விசிலைக் கடித்துக்கொண்டு ‘மேல ஏறு, உள்ள வா, படியில நிக்காத’ என்று கத்துவார். உள்ளே எங்கே வருவது? முன்னால் நிற்பவரின் முதுகு இவன் மூக்கில் இடிக்கிறது. ஓட்டுநரைக் குற்றம் சொல்லிப் புண்ணியமில்லை. போன வாரம் இதே கும்பலில் எவனோ கண்ணாடியை உடைத்திருப்பான். அதற்குப் பணிமனையில் பதில் சொன்னவர் அவர்தான்.

நகரத்துக்கு லட்சம் பேருக்கு 40 முதல் 60 பேருந்து வேண்டும் என்பது ஒன்றிய அரசே வகுத்துள்ள அளவு. சென்னைப் பெருநகரத்தில் ஒரு கோடிக்கு மேல் ஜனம். மாநகரப் போக்குவரத்துக் கழகத்தின் கையில் இருப்பது மூவாயிரத்துச் சொச்சம் வண்டி. வகுத்துப் பார்க்கப் பச்சையப்பன் கல்லூரியில் கணிதம் படித்திருக்க வேண்டியதில்லை. மெட்ரோவின் இரண்டாம் கட்டத்துக்கு மட்டும், 118.9 கிலோமீட்டருக்கு, 63,246 கோடி ரூபாய். வரட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கும்மிடிப்பூண்டியிலிருந்து வருகிறவனுக்கு அது வராது. வந்தாலும் இலவச பாஸ் செல்லாது.

இத்தனைக்கும் நடுவில் விவாதத்தில் தவறாமல் ஒரு குரல் எழும்: ‘படியில் தொங்குவது கெத்துக்காக.’ கெத்துக்காகத் தொங்குகிறவன் இருக்கிறான். ஒரு காலைக் காற்றில் வீசிச் செருப்பைத் தார் ரோட்டில் தேய்த்துக்கொண்டு, பின்னால் ஸ்கூட்டியில் வரும் பெண் பார்க்கிறாளா என்று திரும்பிப் பார்க்கிறவனை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அவனுக்கு நாலு சாத்து சாத்தலாம் என்று எனக்கும் கை துறுதுறுத்ததுண்டு. ஆனால் 2012 டிசம்பரில் பழைய மகாபலிபுரம் சாலையில், பெருங்குடிப் பக்கம், லாரி உரசிப் படிக்கட்டிலிருந்த நாலு மாணவர்கள் செத்தார்களே, அதன் பிறகு நீதிமன்றம் தானாக முன்வந்து கேட்டதே, பேருந்துகளுக்குத் தானியங்கிக் கதவு மாட்டினார்களே? அந்தக் கதவு பல வண்டிகளில் திறந்தது திறந்தபடி இறுகி, மழைக்காலத்தில் துருப்பிடித்து, கடைசியில் கயிற்றால் கட்டப்பட்டுத் தொங்கியது. மாணவனுக்குத் துணையாகக் கதவும் தொங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2018 ஜூலை 24. மின்கம்பி அறுந்து, புறநகர் ரயிலை விரைவுப் பாதையில் திருப்பிவிட்டார்கள். அந்தப் பாதையில் பரங்கிமலை நிலையத்தில் ஒரு கான்கிரீட் சுவர். ரயில் அதை ஒட்டிப் போயிற்று. வாசலில் தொங்கியவர்கள் சுவரில் மோதி விழுந்து, 5 பேர் உயிர் போயிற்று. வேலைக்கும் படிப்புக்கும் போன ஜனம். அவர்கள் எந்தக் கெத்துக்காகத் தொங்கினார்கள் என்று மனநல மருத்துவரைத்தான் கேட்க வேண்டும்.

இதற்கு ஒரு தீர்வு 2023 நவம்பரில் கெருகம்பாக்கத்தில் கண்டுபிடிக்கப்பட்டது. நடிகையும் கட்சிப் பிரமுகருமான ஒருவர் காரை விட்டு இறங்கி, பேருந்தை மறித்து, படியில் தொங்கிய பையன்களைக் கன்னத்தில் அறைந்து இறக்கினார். ஓட்டுநரையும் கண்டக்டரையும் வாய்க்கு வந்தபடி ஏசினார். தமிழ்நாட்டில் பாதி பேர் கைதட்டினார்கள். போலீஸ் அவரைக் கைது செய்ததும் கைதட்டியவர்கள் கொதித்தார்கள். கடன் வாங்கிப் பீஸ் கட்டுகிற தனியார் கல்லூரியின் மஞ்சள் பஸ்ஸில் போகிற பையனை யாராவது இப்படி இறக்கி அறைய முடியுமா? அறைந்தால் அப்பா வக்கீலோடு வருவார். வெள்ளை போர்டில் வருகிறவனின் கன்னம் பொதுச்சொத்து. அரசுப் பேருந்து மாதிரியே, யார் வேண்டுமானாலும் கல்லெறியலாம்.

சரி, மாணவர்களிடம் வருவோம். அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை.

ரூட்டு தல என்று ஒரு பதவி. பேருந்து வழித்தடத்துக்கு ஒருவன், ரயில் பாதைக்கு ஒருவன். வேட்புமனு கிடையாது, வாக்குச்சீட்டு கிடையாது. மூன்றாம் வருஷத்து அண்ணன் போகும்போது இரண்டாம் வருஷத்துத் தம்பியின் தோளில் கைபோட்டு ‘இனிமே இவன்தான்டா’ என்றால் முடிந்தது பட்டாபிஷேகம். பேருந்தின் தகரத்தைத் தட்டி, ரூட்டு நம்பரையும் தலயின் பெயரையும் போட்டுக் கானா பாடுவார்கள். முதல் வருஷத்துப் பையன் தல ஏறுகிறவரை ஏறக்கூடாது. தல உட்காருகிறவரை உட்காரக்கூடாது; உட்கார இடம் இருந்தால் அல்லவா என்பது வேறு விஷயம். கல்லூரிகளில் மாணவர் பேரவைத் தேர்தல் நடத்துங்கள் என்று லிங்டோ குழு சொல்லி, உச்ச நீதிமன்றம் உத்தரவும் போட்டது 2006இல். நம்முடைய அரசுக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் அது நடக்கவே இல்லை. தேர்தல் வைத்தால் வன்முறை வரும் என்று பயம். வன்முறையே வராமல் இத்தனை வருஷமாக எவ்வளவு அமைதியாக இருக்கிறோம் என்பதை நாடே பார்க்கிறது. வாக்கால் தலைவனாக முடியாதவன் கத்தியால் தலயானான். வெளியே பெரியவர்கள் கட்சி நடத்துகிற லட்சணத்தைப் பார்த்தே வாரிசு நியமனத்தைக் கற்றுக்கொண்டான் என்றும் சொல்லலாம்.

மாநிலக் கல்லூரி 1840இல் தொடங்கியது, பச்சையப்பன் 1842இல். அங்கே சி.வி. ராமனும் சந்திரசேகரும் படித்தார்கள், இங்கே அண்ணா படித்தார் என்று ஆண்டுவிழாவுக்கு வருகிற சிறப்பு விருந்தினர்கள் ஒப்பிப்பார்கள். இப்போது இந்த இரண்டு கல்லூரி மாணவர்களும் வெட்டிக்கொள்கிறார்களே, என்ன சண்டை? கொள்கைச் சண்டையா, மொழிச் சண்டையா, பீஸ் உயர்ந்த சண்டையா? 2018 ஜனவரியில் அரசு பேருந்துக் கட்டணத்தை ஒரே ராத்திரியில் தூக்கிவைத்தபோது தமிழ்நாடு முழுக்க மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கொஞ்சமாவது குறைக்க வைத்தார்கள். அதற்கு நடுவிலும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பட்டாக்கத்தி ஓயவில்லை. 2017இல் ஓடுகிற ரயிலில் தொங்கிக்கொண்டு பிளாட்பாரத்தில் கத்தியைத் தேய்த்துத் தீப்பொறி பறக்கவிட்டு, அதை அவர்களே படம் பிடித்தார்கள். 2019 ஜூலையில் அரும்பாக்கத்தில் மாநகரப் பேருந்தை மறித்து, பட்டப்பகலில், பயணிகள் இருக்கைக்கடியில் ஒளிய ஒளிய வெட்டிக்கொண்டார்கள்.

2024 அக்டோபரில் திருத்தணி ரூட்டில் ரயிலேறி வந்து மாநிலக் கல்லூரியில் படித்த ஒரு பையனை சென்ட்ரல் பக்கத்தில் அடித்தார்கள். ஆஸ்பத்திரியில் சில நாள் கிடந்து செத்துப்போனான். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையின் நிறம்தான் அவன் செய்த குற்றம். அடித்தவன் வீட்டிலும் செத்தவன் வீட்டிலும் ஒரே ரேஷன் அரிசிதான் வேகிறது. இரண்டு பேரின் குடும்பத்திலும் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் அவனவனாகத்தான் இருப்பான். இரண்டு பேருக்கும் ஒரே வெள்ளை போர்டு, ஒரே பாஸ், ஒரே தாமதம். தனக்கு மேலே இருக்கிற எவனையும் ஒரு கேள்வி கேட்கத் துணிச்சல் இல்லாமல், தன் பக்கத்தில் தொங்குகிறவன் மண்டையைப் பிளக்கிற இந்த வீரத்துக்குக் கானா வேறு. தூ!

காவல்துறையின் மருத்துவம் எல்லோருக்கும் தெரிந்தது. பிடிபட்டவர்கள் மறுநாள் கையில் மாவுக்கட்டோடு புகைப்படத்துக்கு நிற்பார்கள். ஓடும்போது விழுந்தார்கள், கழிவறையில் வழுக்கினார்கள். தமிழ்நாட்டுக் காவல் நிலையக் கழிவறைகளுக்கு ஒரு தடவை பொதுப்பணித்துறை தரை போட்டுக் கொடுத்தால் சட்டம் ஒழுங்கே நின்றுபோய்விடும் போலிருக்கிறது. நீதிமன்றம் தண்டிப்பதற்கு முன்பே தண்டித்துவிட்ட திருப்தியில் ஜனமும் அந்தப் படத்தைக் குடும்பக் குழுக்களில் சுற்றுக்கு விடும். கீழே கும்பிடு பொம்மை.

ஆனால் போலீஸ் எப்போதும் இப்படி ஓடிப்போய்ப் பிடிப்பதில்லை. 2008 நவம்பர் 12. சென்னை அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரி. கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கரை எடுத்துவிட்டு அச்சடித்த சுவரொட்டியில் புகைந்த பகை, தடியும் கத்தியுமாக வெடித்தது. கீழே விழுந்துகிடந்தவனை மாற்றி மாற்றி அடித்ததைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பப் பார்த்தது. வாசலில் காவலர்களும் பார்த்தார்கள், கொஞ்சம் கிட்டத்திலிருந்து. கல்லூரி முதல்வர் கூப்பிடாமல் உள்ளே நுழைய முடியாதாம். அப்பேர்ப்பட்ட நாகரிகம்! மூன்று மாதம் சொச்சம் கழித்து, 2009 பிப்ரவரி 19 அன்று, ரோட்டின் அதே பக்கம் உள்ள உயர் நீதிமன்ற வளாகத்துக்குள் அதே காவல்துறை புகுந்து வக்கீல்களைத் துரத்தித் துரத்தி அடித்தது. நீதிபதிக்கும் அடி விழுந்தது. அங்கே யார் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை.

சட்டக் கல்லூரி விவகாரத்தின் உள்ளே இருந்தது சாதி. நால்வருக்கு அந்தச் சொல் மட்டும் தொண்டையில் சிக்கும். 2025 மார்ச்சில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் தேர்வெழுதப் புறப்பட்ட பதினோராம் வகுப்புப் பையனைப் பேருந்தை மறித்துக் கீழே இழுத்து, விரல்களை வெட்டினார்கள். பட்டியல் சாதிப் பையன். ‘இரு தரப்பு மாணவர்களிடையே’ என்று ஆரம்பித்தார்கள் சிலர். எந்தத் தரப்பு இரண்டாவது? வெட்டுப்பட்ட விரல்களா? சென்னையில் வெட்டினால் சினிமா காரணம், தெற்கே வெட்டினால் ‘முன்விரோதம்’. முன்விரோதம் எத்தனை தலைமுறை முன்னால் என்று கேட்டால் உடனே இடைவேளை.

கட்சிக்காரருக்குத்தான் கடைசியில் நேரம் கொடுப்பார்கள். அவர் மாணவர் அணியைப் பற்றிப் பேசுவார், தலைவரின் பொற்கால ஆட்சியைப் பற்றிப் பேசுவார். 2019 ஜூனில் மாணவர்களின் பஸ் டே கொண்டாட்டத்தில் பேருந்துக் கூரைமேல் உட்கார்ந்திருந்தவர்கள் ஒரு பிரேக்கில் கொத்தாகச் சரிந்து முன்னால் விழுந்த காட்சியை உலகமே பார்த்துச் சிரித்தது. கூரையில் ஏறுவது சட்டவிரோதம்தான். அதே பையனைக் கட்சி மாநாட்டுக்கு வேன் கூரையில் ஏற்றிக் கொடியைக் கையில் கொடுத்து, பிரியாணிப் பொட்டலமும் குவார்ட்டருக்குக் காசும் தந்து, சுங்கச்சாவடியில் காசு கட்டாமல் கூட்டிப்போகிறார்களே, அதற்குப் பெயர் எழுச்சி. ரூட்டு தலயின் பிறந்தநாள் பேனரில் மேலே வட்டத்துக்குள் சிரிக்கிற முகம் யாருடையது என்று எப்போதாவது அண்ணாந்து பாருங்கள்.

வன்முறையைப் பற்றிப் பேச இவர்களுக்கு யோக்கியதை உண்டு, மறுக்கவில்லை. அனுபவஸ்தர்கள். 2007 மே மாதம் மதுரையில் ஒரு கருத்துக்கணிப்பு பிடிக்காமல்போய்ப் பத்திரிகை அலுவலகத்தைக் கொளுத்தினார்கள். உள்ளே வேலை பார்த்த 3 பேர் செத்தார்கள். கீழ்க்கோர்ட்டு எல்லோரையும் விட்டுவிட்டது. உயர் நீதிமன்றம் 9 பேருக்கு ஆயுள் தண்டனை கொடுக்க 2019 ஆகிவிட்டது. கொளுத்தியவர்களின் கட்சிக்காரர் ஸ்டுடியோவில் தலையைக் குனிந்தால், மற்றக் கழகத்துக்காரர் சிரிக்க வேண்டாம்.

2000 பிப்ரவரி 2. கொடைக்கானல் பிளசன்ட் ஸ்டே ஹோட்டல் வழக்கில் ஜெயலலிதாவுக்குத் தண்டனை என்று தீர்ப்பு வந்த நாள். தருமபுரியில் அ.தி.மு.க.வினர் ஒரு பேருந்தை மறித்தார்கள். கல்விச் சுற்றுலா வந்த கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பேருந்து. உள்ளே மாணவிகள் இருப்பது தெரிந்தே பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். 3 மாணவிகள் கருகினார்கள். கீழ் நீதிமன்றம் மூவருக்குத் தூக்கு விதித்தது, உச்ச நீதிமன்றமும் 2010இல் அதை உறுதி செய்தது. பிறகு 2016இல் அதே உச்ச நீதிமன்றம், கும்பல் ஆவேசத்தில் செய்தது, முன்கூட்டித் திட்டமிட்டதல்ல என்று ஆயுளாகக் குறைத்தது. 2018 நவம்பரில், எம்.ஜி.ஆர். நூற்றாண்டை முன்னிட்டு, அந்த மூன்று பேரும் வேலூர்ச் சிறையிலிருந்து வெளியே வந்தார்கள். ஆட்சியில் இருந்தது அவர்கள் கட்சி.

எட்டு மாதம் கழித்து, 2019 ஜூலையில், அதே ஆட்சியின் காவல்துறை எந்த ரூட்டுக்கு எவன் தல என்று பட்டியல் எடுத்து, பையன்களை வரிசையில் நிற்கவைத்து, இனிமேல் பேருந்தில் ஒழுங்காக நடந்துகொள்வோம் என்று நன்னடத்தைப் பத்திரம் எழுதி வாங்கியது.